வாசிப்பறை, மேசை எண் ஒன்பது

என் ஊரிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம்
அந்தத் தங்கச் சுரங்கம்.
இங்கே டெல்லியில், ஜன்பத் ஆவணக் காப்பகத்தில்
அதன் கோப்புகள் வெளியுறவுத் துறை அலமாரியில்.
சமஸ்தானம் என்றால் அந்நிய நாடாம்.
வாணியம்பாடியில் ஏறி
விடிவதற்குள் இறங்கிய கூலிக்காரன்
கடல் தாண்டாமலே வெளிநாடு போயிருக்கிறான்.
அவனிடம் யாரும் சொல்லவில்லை.

கேட்புச் சீட்டு மூன்று படி, கார்பன் வைத்து.
ஐந்து கேட்டால் இரண்டு வரும்.
மற்றவை சிவப்பு மையில்
‘ஒப்படைக்கப்படவில்லை’ என்று திரும்பும்.
யார், யாரிடம், என்று நேகியைக் கேட்டேன்.
ஹீட்டரில் கை காய்ந்துகொண்டே சொன்னார்:
‘மேடம், 1913-இல் எனக்கு டியூட்டி இல்லை.’

வந்த இரண்டில் ஒன்று தடிமன்.
கம்பெனியின் லண்டன் ஏஜென்ட் ட்ரெவாஸ்கிஸ்
குத்தகை நீட்டிப்புக்காக
சிம்லாவில் தங்கிய பதினேழு நாள் பில்.
பதினான்கு பேருக்கு விருந்து,
காடை வறுவல், ஐஸ், இரண்டு வகை ஒயின்,
பேண்டு வாத்தியத்துக்குத் தனிக் கணக்கு.
மெனு அட்டையைக்கூட நூல் கோத்து வைத்திருக்கிறார்கள்.
ஓரத்தில் பென்சில் குறிப்பு:
‘செயலர் மனம் இளகினார்.’
ராயல்டி அரை சதவீதம் இறங்கியது
காடைக்கும் ஐஸுக்கும் நடுவில் எங்கோ.

இன்னொன்று மெலிசு, நாலே தாள்.
தமிழில் ஒரு மனு, கூடவே மொழிபெயர்ப்பு.

‘லைன் வீட்டில் நின்றால் கூரை இடிக்கிறது
படுத்தால் சுவர் இடிக்கிறது
கடை கம்பெனியுடையது
ஆஸ்பத்திரி கம்பெனியுடையது
சுடுகாட்டுக்கும் கம்பெனி கேட்டைத் தாண்டித்தான்
பொறுத்தோம்
இப்போது கட்டைவிரலை மையில் முக்கச் சொல்கிறார்கள்
நாங்கள் என்ன திருடர்களா’

மொழிபெயர்த்தவர் கடைசி வரியை விட்டுவிட்டார்.
இடம் போதவில்லை என்று சொல்ல வழியில்லை,
அரைத் தாள் வெறுமையாகக் கிடக்கிறது.
சவரிராயன், பிச்சாண்டி, குள்ளப்பன்,
அபரஞ்சி என்று ஒரு பெண்,
எல்லோருக்கும் ஒரே கையெழுத்து,
எழுதத் தெரிந்த யாரோ ஒருவருடையது.
மேலே, நல்ல மையில்:
‘பதில் தேவையில்லை.’

மறுபடி தடிமன் கோப்பைப் புரட்டினேன்.
வேறென்ன செய்ய, மூட மூன்று மணி நேரம் இருந்தது.
அடியில் ஒரு ரசீது.
‘சுயேச்சையான ஆய்வாளர்’ ஒருவருக்கு
‘முன்மாதிரி நகரம்’ என்ற கட்டுரைக்காக
முப்பது கினி.
குழாய்த் தண்ணீரைப் பற்றி எழுதலாம்,
டென்னிஸ் மைதானத்தைப் பற்றி எழுதலாம்,
கம்பெனி பெயர் எங்கும் வர வேண்டாம்.
ஆள் பெயர் இருந்த இடத்தில்
பூச்சி அரித்த ஓட்டை.
அதன் வழியே
கீழே மடக்கி வைத்திருந்த என் விரல் தெரிந்தது.

லோதி ரோட்டில் எங்கள் கொள்கை ஆய்வு மையம்.
என் மாதச் சம்பளத்தை, சுற்றி வளைத்து,
ஆப்பிரிக்காவில் லித்தியம் தோண்டும் ஒருவர் தருகிறார்.
அடுத்த மாதம் அமைச்சருடன் அவருக்கு மதிய விருந்து.
இலைக்குப் பக்கத்தில் வைக்க என் அறிக்கை வேண்டும்,
நூறு ஆண்டு நட்புறவு, படங்களுடன்.
‘வரலாறு கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கட்டும்’
என்றார் இயக்குநர் மாத்தூர்,
‘சுட வேண்டாம்.’

அபரஞ்சியை அடிக்குறிப்பில் போடலாம்.
அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்,
மாத்தூர் படிக்க மாட்டார்,
அமைச்சர் சத்தியமாக மாட்டார்.
அதுதான் அதில் உள்ள வசதி,
அதுதான் அதில் உள்ள கேவலமும்.

சாயங்காலம் மையத்துக்குத் திரும்பினேன், ஒரே புகைமூட்டம்.
வாசலில் விரல்ரேகை மிஷின்.
நாள் முழுக்கப் பழைய தாள் புரட்டிய கை,
ரேகையெல்லாம் பழுப்புத் தூசி.
வைத்தேன். சிவப்பு விளக்கு.
துப்பட்டாவில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
மீண்டும் முயலவும் என்றது ஒரு பெண் குரல், பணிவாக.

பின்னால் ஆட்கள் வரிசை கட்டிவிட்டார்கள்.
மொழிபெயர்க்காமல் விட்ட அந்த வரி
வாய் வரைக்கும் வந்தது.
காவலாளி எழுந்து வந்து
‘இன்னொரு விரலை வையுங்க மேடம்’ என்றார்.